அட்டாலியில் தூங்கும் டூ-இன்-ஒன்: கவனிக்கப்படாத பழைய செட்டுகளைத் தேடி வாங்கி, ஒலியை ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் குடோனில் வாங்கிய செட் அது. பின்மூடியைக் கழற்றினால் சர்க்யூட்டே தெரியவில்லை. பல வருஷத்துப் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. தறிக்காரர் சிரித்தார். "நல்லாத்தானுங்க பாடும். ஆனா தறி நின்னாத்தான் நமக்குக் காதுல உழுகும்." பஞ்சையெல்லாம் பிரஷ்ஷால் எடுத்து, பெல்ட் மாற்றி, ஒரு வாரம் கழித்துப் போட்டுக் கேட்டேன். அதுவரை என் வீட்டில் ராஜாவாக உட்கார்ந்திருந்த, நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பளபள செட் அன்றைக்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

பூம்பாக்ஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். நம் ஊரில் அதற்கு டூ-இன்-ஒன் என்றுதான் பேர்; ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில். நான் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சில வருஷமாக இதைச் சேர்த்து வருகிறேன். அதிகம் செலவழிக்காமல் நல்ல ஒலி வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும் என்றால் வேறு வழி இருக்கிறது, பணமும் வேறு.

எதைத் தேடுவது

ஜேவிசி ஆர்சி-எம்90, ஷார்ப் ஜிஎஃப்-777, லேசோனிக் டிஆர்சி-931, கோனியன் சி-100எஃப். உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் துரத்துவது இவற்றைத்தான். 1980களில் நியூயார்க் தெருக்களில் ஹிப்-ஹாப் பையன்கள் தோளில் சுமந்த காட்சிக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு அந்த விலை. எம்90 உண்மையிலேயே நன்றாகப் பாடும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு இங்கே பத்து செட் வாங்கலாம், அதில் மூன்றாவது உங்களை அசத்தும்.

நம் பக்கம் வந்தது வேறு கூட்டம். 1991க்கு முன்னால் வெளிநாட்டுச் சாமான் சுலபமாகக் கடைக்கு வராது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போனவர்கள் பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படி வந்தவை நேஷனல் பானசோனிக், சான்யோ, ஹிட்டாச்சி, ஐவா, ஷார்ப், சோனி. இவற்றோடு இங்கேயே கிடைத்த பிலிப்ஸும் பிபிஎல்-சான்யோவும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கும் பெரிய மவுசு கிடையாது. அதுதான் நமக்கு வசதி.

என் வரிசைப்படி முதலில் தேட வேண்டியது பெரிய மோனோ செட். ஒரே ஒரு ஸ்பீக்கர், 16 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், ஆழமான பெட்டி. ஸ்டீரியோ இல்லை என்று யாரும் சீந்துவதில்லை. ஆனால் நாம் கேட்கும் 1950, 60களின் சினிமாப் பாட்டு மோனோவில்தானே பதிவானது? அதை இரண்டு சின்ன ஸ்பீக்கரில் பிரித்துக் கேட்பதைவிட ஒரு பெரிய காகிதக் கோனில் கேட்டால் பாடுபவர் திண்ணையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது 1970களின் கடைசியிலிருந்து 1980களின் முற்பாதி வரை வந்த ஸ்டீரியோ செட்டுகள். அவற்றிலும் பெரிய ஸ்பீக்கரோடு, மெல்லிய மேல் ஒலிக்கென்று தனி ட்வீட்டர் உள்ளவை. ஹிட்டாச்சியின் 3டி வரிசை கிடைத்தால் விடாதீர்கள்; இரண்டு பக்கத்து பாஸையும் நடுவில் மூன்றாவதாக ஒரு வூஃபர் பார்த்துக்கொள்ளும். பிலிப்ஸ் செட்டுகளை வட்டமான ஐந்து முனை டின் (DIN) சாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பலர் ஒதுக்குகிறார்கள். ஒரு கேபிள் பற்றவைத்தால் தீர்ந்துபோகும் விஷயம், அதற்காக ஒதுக்க வேண்டாம்.

விடவேண்டியது 1990களில் வந்த, முன்பக்கம் முழுக்க வளைவும் விளக்கும் உள்ள, பிஎம்பிஓ 800 வாட், 1000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய செட்டுகள். பிஎம்பிஓ என்பது ஒரு கண நேர உச்ச சக்தி என்று கம்பெனி சொல்லும் எண். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எட்டு பெரிய பேட்டரிக் கட்டை போட்டால் கிடைப்பது 12 வோல்ட். அதில் ஓடும் சாதாரண ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தாளில் எழுதும் கணக்கிலேயே நாலரை வாட்டுக்கு மேல் தராது. இரண்டு ஆம்ப்பை எதிரெதிராகக் கோர்க்கும் பிரிட்ஜ் முறையில் 18 வாட். நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறையும். மிச்சம் 980 வாட் எங்கிருந்து வரும்? ஸ்டிக்கரிலிருந்துதான்.

இன்னொன்று. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், அது காதுக்குக் கொஞ்சம்தான். ஆனால் நல்ல காந்தமும் லேசான காகிதக் கோனும் உள்ள ஸ்பீக்கர், சோப்ளாங்கி ஸ்பீக்கரைவிட 6 டெசிபெல் கூடுதலாகக் கத்தினால், அது நாலு மடங்கு வாட்டுக்குச் சமம். அதனால் வாட்டைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். ஒரு கையால் தூக்கும்போது தோள் இழுத்தால் உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய காந்தமும் இருக்கிறது என்று பொருள்.

எங்கே கிடைக்கும்

கோவையில் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள், எல்லா ஊரிலும் உள்ள பழைய இரும்புக் கடைகள், மூடப்போகும் ரேடியோ ரிப்பேர் கடைகள். இவற்றைவிட நல்ல இடம் வீடுதான். தோட்டத்துச் சாளையிலும் (தோட்டத்து வீடு) பழைய வீட்டு அட்டாலியிலும் (பரண்) இன்னும் கிடக்கிறது. பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிக்கும் நாட்களில் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள். தாராபுரம் பக்கம் ஓர் ஆத்தா, "எலி கூடு கட்டியிருக்குங் கண்ணு, எடுத்துட்டுப் போனாச் செரி" என்று கொடுத்ததுதான் என்னிடம் இருப்பதில் சிறந்த மோனோ.

தாராபுரம், காங்கேயம், கரூர் பக்கத்துக் காய்ந்த ஊர்களிலிருந்து வரும் செட்டுகளில் துரு குறைவு, புழுதி அதிகம். வால்பாறை, ஊட்டி அடிவாரத்தில் வாங்கினால் புழுதி குறைவு, ஆனால் சுவிட்சும் ஸ்பிரிங்கும் பச்சை பூத்திருக்கும். புழுதியைத் துடைக்கலாம். பச்சையோடு மல்லுக்கட்டுவது சிரமம்.

உள்ளே கேசட் இருந்தால் கொடுத்தவர்களிடம் காட்டிவிட்டு எடுங்கள். யாருடைய குரலோ அதில் இருக்கக்கூடும். முதல் வேலையாகக் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்கையும் உடைத்துவிட்டால் தப்பித்தவறி ரெக்கார்ட் அமுங்கி அழியாது.

பணம் கொடுக்கும் முன் ஐந்து நிமிஷம்

பின்பக்கத்தைத் திருப்புங்கள். 110, 127, 220, 240 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் ஏற்றுமதிக்குச் செய்த செட், நமக்கு ஏற்றது. 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஜப்பான் உள்நாட்டு செட். நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும். அதற்கும் மேல் ஒரு வில்லங்கம் உண்டு. ஜப்பானின் பழைய எஃப்எம் பட்டை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கோடை பண்பலை 100.5, கோவை ரெயின்போ 103. முள் அந்த இடத்துக்குப் போகவே போகாது. டேப் மட்டும் போதும் என்றால் வாங்குங்கள், விலையைக் குறைத்து.

அப்புறம் பேட்டரி அறை. கட்டை ஒழுகியிருக்கும். ஸ்பிரிங் மட்டும் அரித்திருந்தால் பரவாயில்லை, திரவம் சர்க்யூட் வரை ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் வலைக்குள் டார்ச் அடித்துக் கோனின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு துணியோ காகிதமோ என்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஃபோம் என்றால் விரல் பட்டதும் மாவாக உதிரும்.

டேப் சுற்றவில்லை என்றால் பயப்படாதீர்கள். "டேப் ஓடாதுங்க" என்று விற்பவர் சொல்லும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பத்தில் பெரும்பங்கு, மோட்டாரிலிருந்து டேப்பைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்தான் காரணம்.

திறந்ததும் செய்ய வேண்டியவை

கடையிலிருந்து வந்த செட்டை நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. சீரிஸ் பல்ப் வழியாகக் கொடுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்தால் போதும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், செட் பிழைக்கும். அடாப்டர் மாட்டுவதானால் முனையைப் பாருங்கள்; ஜப்பான் செட்டுகள் பலவற்றில் நடுக்குச்சி நெகட்டிவ். மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெல்ட் உருகித் தாராகியிருக்கும். கப்பியிலும் ஃப்ளைவீலிலும் ஒட்டியிருப்பதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். புது பெல்ட் வாங்கும்போது பழையது அளவுக்கு உதவாது, நீண்டிருக்கும். நூலைக் கப்பிகளைச் சுற்றிப் போட்டு அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து ரொம்பச் சின்னதை மாட்டினால் மோட்டார் திணறும், பாட்டு ஆடும்.

டேப்பை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி மினுங்கினால் டேப்பைச் சரியாகப் பிடிக்காது. இங்கேதான் நம் ஊர் கைகொடுக்கிறது. நூல் மில்களில் டிராஃப்டிங் உருளைகள் மேல் போடும் ரப்பர் காட்ஸைப் பஃப்பிங் செய்யும் இயந்திரம் இருக்கிறது. மில்லில் வேலை செய்யும் என் மச்சான் என் ரோலரைக் கொண்டுபோய் ஒரு இழை மட்டும் தேய்த்துக் கொடுத்தார். புதுசு போல ஆகிவிட்டது. உடைந்த பிளாஸ்டிக் கப்பிக்குப் பித்தளையில் ஒன்று கடைந்து கொடுக்கக் கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை வைண்டிங் கடையில் கொடுத்தால் திரும்பச் சுற்றித் தருவார்கள். பம்புசெட் மோட்டார் சுற்றுகிறவர்களுக்கு இது எறும்பு வேலை, ஆனால் கம்பி மெல்லிசு என்று முனகுவார்கள்.

ஒரு பக்கம் மட்டும் பாடினால் உடனே ஆம்ப் ஐசி போய்விட்டது என்று கழற்றாதீர்கள். போர்டில் நீளமாக ஒரு நகரும் சுவிட்ச் இருக்கும், ரெக்கார்டுக்கும் பிளேக்கும் மாற்றுவது. அதற்குள் கறுத்துப்போவதுதான் பெரும்பாலான நேரம் குற்றவாளி. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் நகர்த்தினால் இரண்டாம் பக்கம் உயிர்த்துவிடும். வால்யூம் கரகரப்புக்கும் அதே மருந்து. நான் இது தெரியாமல் ஒரு நல்ல ஐசியைக் கழற்றி, இடத்தில் ஊரெல்லாம் கிடைக்கும் 4440-ஐ வைக்கச் சொல்லி, செட்டின் குரலையே மாற்றிக்கொண்டேன். சத்தம் வந்தது, பழைய இனிமை போய்விட்டது.

கடைசியாக அசிமுத். டேப்பைப் படிக்கும் ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்குரூ இருக்கும். டேப்பின் ஓட்டத்துக்கு ஹெட்டின் இடைவெளி சரியாகச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஒரு மயிரிழை சாய்ந்தாலும் சலங்கையும் ஜால்ராவும் போர்வைக்குள் போய்விடும். கம்பெனியில் பதிவு செய்த நல்ல கேசட் ஒன்றைப் போட்டு, கால் திருகு, அரைக்கால் திருகு என்று நகர்த்தி, ஓசை மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். முன்னால் இருந்த இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்வது முக்கியம். ஏனென்றால் அதே செட்டில் வீட்டார் பதிவு செய்த கேசட்டுகள் பழைய சாய்விலேயே நன்றாகக் கேட்கும். தாத்தா பேச்சு, கல்யாணப் பாட்டு ஏதாவது இருந்தால் திருகைத் தொடும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒலியை ஒப்பிடுவது

நண்பர்கள் இரண்டு செட்டைப் பக்கத்தில் வைத்து, இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் திருகிவிட்டு "இதுதான் டாப்" என்று தீர்ப்புச் சொல்வார்கள். பத்துக்கு ஒன்பது தடவை சத்தம் கூடுதலாக இருந்ததே ஜெயிக்கும். காதின் இயல்பு அது. ஆகவே முதல் விதி, சத்தத்தைச் சமமாக்குவது.

போனில் ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு செட்டுக்கும் ஒரே எண் வந்தால் சரி. பிங்க் நாய்ஸ் என்னும் இரைச்சலை ஓடவிட்டு, போனைக் காது இருக்கும் இடத்தில் வைத்து, ஒரு டெசிபெல்லுக்குள் பொருத்துங்கள். ஒற்றை ஸ்வரத்தை வைத்து அளக்காதீர்கள், அறையின் எதிரொலி ஏமாற்றும்.

செட்டுகள் ஒரே மேசையில், ஒரே உயரத்தில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மூலையில் வைத்தால் எந்த டப்பாவுக்கும் பாஸ் வந்துவிடும். டோன் திருகுகள் நடுவில், லவுட்னஸ் சுவிட்ச், ஸ்டீரியோ வைட், மெகா பாஸ் எல்லாம் அணைத்து. வைட் சுவிட்ச் இரண்டு பக்கத்தின் வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் வித்தை. ஐந்து நிமிஷம் ஜோராக இருக்கும், அப்புறம் நடுவில் பாடுபவர் கரைந்துபோவார்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரு சோதனை, டேப் டெக் வேறொரு சோதனை. இரண்டையும் கலந்தால் எது நல்லது என்று தெரியாது. முதலில் போனிலிருந்து லைன்-இன் சாக்கெட்டுக்குக் கொடுத்துக் கேளுங்கள். ஜப்பான் செட்டுகளில் ஆர்சிஏ முனை, பிலிப்ஸில் டின். மாற்றும் வேலையை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். பேர் தெரிந்தால் காது பொய் சொல்லும். என் வீட்டில் இந்த வேலை பையனுக்கு. ஒரு தடவை மாற்றாமலேயே "மாத்திட்டேன் ப்பா" என்று சொல்லி, நான் வித்தியாசம் விளக்குவதைக் கேட்டுச் சிரித்தான். நல்ல பாடம்.

என்ன கேட்பது? பம்பையும் உடுக்கையும் பாஸுக்கு. அடி விழுந்து நிற்கிறதா, விழுந்தபின் டம்மென்று இழுத்துக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். இழுத்தால் பெட்டி அதிர்கிறது. பெண் குரலின் 'ச', 'ஷ' ட்வீட்டருக்கு. ஊசி மாதிரி குத்தக் கூடாது. நாதஸ்வரம் நடுவொலிக்கு. சின்ன ஸ்பீக்கர்கள் பலவும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், தகரத்தில் ஊதுவது போல. ஒரு தடவை வால்யூமை முக்கால் வரை கூட்டி, எந்த இடத்தில் ஓசை உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி டெக். எல்லா செட்டுக்கும் ஒரே கேசட், அது சி-60 ஆக இருப்பது நல்லது. சி-120 நாடா மெல்லிசு, பழைய டெக் இழுத்துச் சுருட்டிவிடும். வேகம் பார்க்க, 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த கேசட்டைப் போட்டுப் போனில் அளக்கலாம். 3090 காட்டினால் மூன்று சதவீதம் வேகம். அரை ஸ்வர இடைவெளி ஏறக்குறைய ஆறு சதவீதம், ஆக இது அதில் பாதி. சங்கீதம் பழகிய காதுக்கு உறுத்தும். மோட்டாரின் பின்துளையில் சின்ன ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகினால் பெரும்பாலான செட்டுகளில் சரியாகும். வேகம் சராசரியாகச் சரியாக இருந்தும் ஓசை அலைகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் புல்லாங்குழல் அல்லது தம்புரா. நீட்டிய ஸ்வரம் நடுங்கினால் பெல்ட், ரோலர், ஃப்ளைவீல் மூன்றில் ஒன்று. கையேட்டில் இந்த நடுக்கம் 0.1 சதவீதத்தை ஒட்டி இருந்தால் கையில் தூக்கும் செட்டுக்கு மிக நன்று.

ரேடியோவுக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கோடை பண்பலையைப் பிடித்து ஸ்டீரியோ விளக்கு எரிகிறதா பாருங்கள். மத்திய அலை கேட்பதானால் வீட்டு எல்இடி பல்புகளை அணைத்துவிட்டு, செட்டையே மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு.

என் மேசையில் வந்த முடிவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு செட்டை இப்படி வரிசையில் வைத்தேன். பல்லடத்துத் தறிக்குடோன் சான்யோ ஸ்டீரியோ, தாராபுரத்து நேஷனல் பானசோனிக் மோனோ, ஒரு பிலிப்ஸ், அப்புறம் ஸ்டிக்கரில் 800 வாட் போட்ட, பேர் சொல்ல விரும்பாத 1990களின் பிளாஸ்டிக்.

சத்தத்தைச் சமமாக்கியதுமே பிளாஸ்டிக்கின் வீரம் போய்விட்டது. பாஸ் இருந்தது, ஆனால் எல்லா அடியும் ஒரே மாதிரி. பம்பையா தவிலா என்றே சொல்ல முடியவில்லை. பிலிப்ஸ் பேச்சுக்கு அருமை, செய்தி வாசிப்பவரின் மூச்சுக் கூடக் கேட்டது. மேல் ஸ்வரத்தில் கொஞ்சம் மங்கல். சான்யோதான் முழுமையானது. வால்யூம் முக்கால் தாண்டியும் உடையவில்லை, புல்லாங்குழலும் நடுங்கவில்லை. 1980களின் பாட்டுக்கு என் முதலிடம் அதற்குத்தான்.

பழைய மோனோ பாட்டு போட்டபோது மட்டும் வரிசை மாறியது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நானும், பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) மூன்று தடவையும் ஒரே செட்டைத்தான் சொன்னோம். திரும்பிப் பார்த்தால் எலி கூடு கட்டியிருந்த அந்த மோனோ. அப்புச்சிக்கு அன்றிலிருந்து அதுதான் வேண்டும். இப்போது தோட்டத்துச் சாளையில் அவர் கட்டில் பக்கம் இருக்கிறது. நான்தான் மாசம் ஒரு தடவை போய் ஹெட்டைத் துடைத்துவிட்டு வருகிறேன்.